எஃப்5 அழுத்தினா பில் காணோம்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

 

இன்னைக்குக் கொஞ்சம் டெக் விஷயம். கோடிங் தெரியாதவங்க ஓடிடாதீங்க. இது ஒரு பில்லிங் கவுன்ட்டர்ல நடந்த கதை. மூணு ரூபாய் பத்தின கதை. அந்த மூணு ரூபாய் வந்ததுக்குக் காரணமான வரியை எழுதினவன் நான்தான்.

நான் வேலை பார்த்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு, சென்னையில ஒரு வண்டி உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் பண்றவங்க கிளையன்ட். பேர் வேண்டாம். அவங்களோட பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாமே 2001-ல எழுதின ஒரு சாஃப்ட்வேர்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. விஷுவல் பேசிக் 6-ல எழுதினது. சாம்பல் கலர் பட்டன், சின்னச் சின்னக் கட்டம், அங்கங்க நீலத் தலைப்பு. தொண்ணூறுகள்ல பொறந்தவங்க இந்த மாதிரி ஸ்கிரீனை ஏதாவது ஒரு கடையில பார்த்திருப்பீங்க.

நான் முதல் தடவை அங்க போனப்போ பார்த்தது ஒரு அக்காவை. கவுன்ட்டர்ல உட்கார்ந்திருந்தாங்க. எதிர்ல நிக்கிறவர் பார்ட் நம்பரைச் சொல்லச் சொல்ல, இவங்க ஸ்கிரீனைக்கூடப் பார்க்காம தட்டறாங்க. என்டர், என்டர், எண்ணிக்கை, என்டர். கடைசியா எஃப்5. பிரின்டர் கத்துது. பன்னிரண்டு ஐட்டம் பில், ஒரு நிமிஷம் ஆகலை.

எனக்கு அது ஆச்சரியமா இருந்திருக்கணும். இல்லை. "பாவம், இன்னும் இப்படி ஒரு பழைய சாஃப்ட்வேர்ல கஷ்டப்படறாங்களே"ன்னுதான் தோணுச்சு.

சரி, அந்தப் பழசை ஏன் மாத்தணும்? நியாயமான காரணங்கள் இருந்துச்சு. விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-ல. அதுல புரோகிராம் எழுதற கருவிக்கு மைக்ரோசாஃப்ட் தன்னோட ஆதரவை 2008-லயே நிறுத்திட்டாங்க. ஏற்கெனவே எழுதின புரோகிராம் விண்டோஸ்ல இன்னும் ஓடும், அது வேற விஷயம். ஆனா அதைத் திருத்தத் தெரிஞ்ச ஆளைக் கண்டுபிடிக்கறதே பெரும்பாடு.

அடுத்தது, அந்தக் காலத்து கிளையன்ட்–சர்வர் அமைப்பு. சர்வர்னாலே நமக்கு முதல்ல ஹோட்டல் சர்வர்தானே ஞாபகம் வருவார்? அதையே வெச்சுக்கலாம். ஒரு மெஸ்ஸை நினைச்சுக்கங்க. அங்க சர்வரே கிடையாது. சாப்பிட வர்ற ஒவ்வொருத்தரும் நேரா அடுப்படிக்குள்ள போய், குண்டான்ல கரண்டியை விட்டு, தானே எடுத்துக்கறாங்க. நாலு பேர் வந்தா ஓகே. நாற்பது பேர் வந்தா?

பழைய சாஃப்ட்வேர் அப்படித்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் இருக்கற புரோகிராம் நேரா டேட்டாபேஸுக்குள்ள போகும். டேட்டாபேஸோட பாஸ்வேர்டு ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு ஃபைல்ல கிடக்கும், யார் வேணா திறந்து படிக்கலாம். மதுரை கிளையில ஒரு பேரைத் தேடினா, மொத்த கஸ்டமர் பட்டியலும் லைன் வழியா அங்க போய்ச் சேரும். அவங்க டீ குடிச்சிட்டு வந்து பார்ப்பாங்க. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தப்போ, வரிக் கணக்கை மாத்தி, ஒவ்வொரு மெஷினா பென் டிரைவ் எடுத்துக்கிட்டு ராத்திரி முழுக்க ஒருத்தர் சுத்தினார். அதுவும் போக, சேல்ஸ்மேன் கையில இருக்கற போன்ல ஸ்டாக் தெரியணும்னு முதலாளி கேட்டார். பழசுல அதுக்கு வழியே இல்லை.

புது அமைப்புல நடுவுல ஒரு சர்வர் நிப்பார். நீங்க ஆர்டர் சொல்லுவீங்க, அவர் உள்ள போய் எடுத்துட்டு வருவார். அடுப்படி எங்க இருக்குன்னுகூட உங்களுக்குத் தெரிய வேண்டாம். கம்ப்யூட்டரோ, போனோ, மதுரையோ, கோயம்புத்தூரோ, எல்லாரும் அவர்கிட்ட ஒரே மாதிரி ஆர்டர் சொன்னா போதும். அப்படி ஆர்டர் சொல்ற முறைக்குத்தான் ஏபிஐன்னு பேர்.

ஆக, மாத்தணும்ங்கறதுல எந்தச் சந்தேகமும் இல்லை. மாத்தாம விட்டா என்ன ஆகும்கறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 2020 ஏப்ரல்ல, கொரோனா நேரத்துல அமெரிக்காவுல வேலை போனவங்க லட்சக்கணக்குல உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சாங்க. நியூ ஜெர்சி கவர்னர் பில் மர்ஃபி பத்திரிகையாளர்கள் முன்னாடியே, கோபால் மொழி தெரிஞ்ச தன்னார்வலர்கள் வேணும்னு கேட்டார். காரணம், அந்த மாநிலத்தோட சிஸ்டம் நாற்பது வருஷத்துக்கும் மேல பழசு. தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தா இப்படி ஒரு நாள் வரும்.

நாங்க ஆறு பேர் உட்கார்ந்தோம். 2018 தொடக்கத்துல ஆரம்பிச்சோம். ஸ்கிரீனுக்கு ரியாக்ட், சர்வர்ல டாட் நெட் கோர். எல்லாத்தையும் புதுசா, முதல்ல இருந்து எழுதறதுன்னு முடிவு. பழைய கோடைப் பார்த்தா தலை சுத்துச்சு. ஒரே ஃபார்முக்குப் பின்னாடி ஆறாயிரம் வரி. நடுநடுவுல விளக்கமே இல்லாம விசித்திரமான நிபந்தனைகள். "இதெல்லாம் குப்பை"ன்னு நான்தான் சிரிச்சேன். பதினாலு மாசம் ஆச்சு. மீட்டிங் ரூம்ல டெமோ காட்டினோம். கைதட்டினாங்க. அந்த ரூம்ல முதலாளி இருந்தார், அவர் பையன் இருந்தார், மேனேஜர் இருந்தார், ஆடிட்டர்கூட இருந்தார். கவுன்ட்டர் அக்கா இல்லை. அன்னைக்கு அவங்க கவுன்ட்டர்ல பில் போட்டுக்கிட்டிருந்தாங்க.

2019 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. புது நிதியாண்டு, புதுக் கணக்கு. அன்னைக்கே பழசை நிறுத்திட்டுப் புதுசுக்கு மாறினோம்.

காலையில பத்து மணிக்குக் கவுன்ட்டர்ல இருந்து குரல். "தம்பி, பில் காணோம்!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். அக்கா பதினஞ்சு ஐட்டம் தட்டிட்டு, வழக்கம் போல எஃப்5 அழுத்தியிருக்காங்க. பழைய சாஃப்ட்வேர்ல எஃப்5னா சேமி. பிரவுசர்ல எஃப்5னா பக்கத்தை மறுபடி திற. அவ்வளவுதான், பதினஞ்சு ஐட்டமும் போச்சு.

"அக்கா, இதுல எஃப்5 அழுத்தக் கூடாது. கீழ பச்சை பட்டன் இருக்குல்ல, அதை மவுஸால கிளிக் பண்ணுங்க."

"சரி தம்பி."

அடுத்த பில்லுக்கும் அவங்க விரல் எஃப்5-க்குத்தான் போச்சு. பதினெட்டு வருஷப் பழக்கம். அது விரல்ல இருக்கு, தலையில இல்லை.

என்டர் கீயும் அப்படித்தான். பழசுல என்டர் அடிச்சா அடுத்த கட்டத்துக்குப் போகும். பிரவுசர் ஃபார்ம்ல அடிச்சா பல நேரம் மொத்த ஃபார்மும் சர்வருக்குப் போயிடும். ரெண்டு ஐட்டத்தோட பாதி பில்கள் வரிசையா சேவ் ஆச்சு. பார்ட் நம்பர் தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைக் கேக்கற மாதிரி நான் செஞ்சிருந்தேன். டெமோவுல அழகா இருந்துச்சு. அக்காவோட வேகத்துக்கு அது ஈடு கொடுக்கலை. அவங்க தட்டி முடிச்சு அடுத்த கட்டத்துக்குப் போனதுக்கு அப்புறம் பட்டியல் வந்து விழும், தப்பான ஐட்டம் உட்காரும்.

மதியத்துக்குள்ள கவுன்ட்டர்ல வரிசை வாசலைத் தாண்டிடுச்சு. லோடு ஏத்தற பையன்கள் பில் வராம சும்மா உட்கார்ந்திருந்தாங்க. "புதுசா ஏதோ கொண்டு வந்திருக்காங்களாம்"னு ஒரு மெக்கானிக் என் காது படவே சொன்னார்.

ஆனா இதெல்லாம் வெளிய தெரிஞ்ச தப்பு. தெரியாத தப்பு ராத்திரி வந்துச்சு.

கடை சாத்தி, கல்லாவை எண்ணினா, கம்ப்யூட்டர் சொல்றதைவிட மூணு ரூபாய் கூடுதலா இருக்கு. அக்கா மறுபடி எண்ணறாங்க. மறுபடி மூணு ரூபாய். மணி பதினொண்ணு. மேனேஜர், "என்னம்மா, இத்தனை வருஷத்துல இல்லாம இன்னைக்குக் கல்லா கூடுது?"ன்னு கேட்டார். அவர் சாதாரணமாத்தான் கேட்டிருக்கலாம். அக்கா முகம் மாறிடுச்சு.

நான், "மூணு ரூபாய்தானே அக்கா, விடுங்க"ன்னேன்.

அவங்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது இன்னும் மறக்கலை. "குறைஞ்சா என் பர்ஸ்ல இருந்து போட்டுருவேன் தம்பி. கூடுனா அது யார் காசுன்னு நான் எழுதறது?"

எனக்குப் பதில் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மறுநாள் மதியம் ஆச்சு. பில் தொகையை முழு ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணுவோம் இல்லையா? 4512 ரூபாய் 30 பைசான்னா 4512. 70 பைசான்னா 4513. சரியா 50 பைசான்னா? ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக்கொடுத்தது, மேல ஏத்து, 4513. ஆனா பேங்க்கர்ஸ் ரவுண்டிங்னு ஒரு முறை இருக்கு. பாதின்னு வந்தா பக்கத்துல இருக்கற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 4512.50 ஆனா 4512. 4513.50 ஆனா 4514. எப்பவும் மேலயே ஏத்திக்கிட்டிருந்தா மொத்தக் கணக்கு ஒரு பக்கமா சாயும், அதைச் சரிக்கட்ட இந்த முறை.

விஷுவல் பேசிக் 6-ல இருக்கற ரவுண்ட் இந்த முறையிலதான் கணக்குப் போடும். டாட் நெட்ல, வேற எதுவும் சொல்லலைன்னா, அதுவும் இப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை, பாதியை மேல ஏத்திடும். நான் என்ன பண்ணியிருந்தேன்? மொத்தத் தொகை ஸ்கிரீன்ல டக்குனு தெரியணும்னு, சர்வரைக் கேக்காம பிரவுசர்லயே ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு வரியில கணக்குப் போட்டிருந்தேன். ஸ்கிரீன் 4513-ன்னு காட்டுச்சு. அக்கா 4513 வாங்கினாங்க. சர்வர் 4512-ன்னு எழுதிக்கிச்சு. அந்த மாதிரி அன்னைக்கு மூணு பில்.

பாருங்க, எங்க சர்வர் பழைய கணக்கோட ஒத்துப்போனதுகூட எங்க புத்திசாலித்தனம் இல்லை. ரெண்டுமே மைக்ரோசாஃப்ட், இயல்பு ஒண்ணு. அதிர்ஷ்டம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதலாளி கத்தலை. "பழசையே போடுங்கப்பா"ன்னு மட்டும் சொன்னார். ரெண்டு நாள் பில், ஆயிரத்துக்குப் பக்கம், பழைய சாஃப்ட்வேர்ல மறுபடி கையால ஏத்தணும். நாங்க ஆறு பேரும் உட்கார்ந்தோம். அக்கா எங்களுக்கு நடுவுல. அன்னைக்கு ராத்திரிதான் நான் அந்தச் சாம்பல் கலர் ஸ்கிரீனை முதல் தடவையா உபயோகிச்சேன். பதினாலு மாசம் அதுக்கு மாற்று எழுதினவன், ஒரு பில்கூட அதுல போட்டது இல்லை. நாற்பது பில்லுக்கு அப்புறம் என் விரலும் தானா எஃப்5-க்குப் போக ஆரம்பிச்சுது.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. பிரிட்டன்ல டிஎஸ்பின்னு ஒரு பேங்க். 2018 ஏப்ரல்ல, ஒரே வார இறுதியில, சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் பழைய சிஸ்டத்துல இருந்து புதுசுக்கு மாத்தினாங்க. டேட்டா எல்லாம் சரியாத்தான் போய்ச் சேர்ந்துச்சு. ஆனா புது சிஸ்டம் திணறிடுச்சு. லட்சக்கணக்கான பேர் தங்களோட கணக்குக்குள்ளயே போக முடியலை. எல்லாம் வழக்கமான நிலைக்கு வர அந்த வருஷ டிசம்பர் ஆச்சு. 2022 டிசம்பர்ல அங்க இருக்கற கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த பேங்குக்குப் போட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு. நாங்க அந்தச் செய்தியை 2018-லயே படிச்சு, "என்னய்யா இப்படிப் பண்ணியிருக்காங்க"ன்னு பேசிக்கிட்டவங்கதான். ஒரு வருஷம் கழிச்சு அதையே சின்ன அளவுல செஞ்சோம்.

அப்புறம் என்ன பண்ணோம்?

மார்ட்டின் ஃபௌலர்னு ஒரு மென்பொருள் எழுத்தாளர். ஆஸ்திரேலியாக் காட்டுல ஒரு வகை அத்தி மரத்தைப் பார்த்தார். இன்னொரு மரத்து உச்சியில விதை விழுந்து, வேர் மெல்லக் கீழ இறங்கி, கடைசியில அந்த இடத்தைத் தானே பிடிச்சுக்கும். சாஃப்ட்வேரை மாத்தறதும் அப்படி இருக்கலாம்னு 2004-ல எழுதினார். இதுக்கு நமக்கு ஆஸ்திரேலியா போக வேண்டாம். பனைமரத்து மேல ஆலங்கன்னு முளைச்சு நிக்கிறதை ஊர்ப் பக்கம் பார்த்திருப்பீங்க. அதேதான். பனையை வெட்டிட்டு ஆலை நடலை. பனை நிக்கிறப்பவே ஆல் வளருது.

முதல் ஆறு மாசம் வெளிய ஒண்ணுமே மாறலை. கவுன்ட்டர்ல அதே சாம்பல் ஸ்கிரீன். அடியில மட்டும் ஒரு வேலை நடந்துச்சு. கஸ்டமரைத் தேடற அந்த ஒரு வேலையை மட்டும், நேரா டேட்டாபேஸுக்குப் போகாம புது ஏபிஐ வழியா போக வெச்சோம். ஆமா, விஷுவல் பேசிக் 6-ல இருந்தும் ஏபிஐயைக் கூப்பிடலாம். மதுரையில டீ குடிக்கற நேரம் மிச்சமாச்சு. அதே ஏபிஐயை வெச்சு சேல்ஸ்மேன் போன்ல ஸ்டாக் பார்க்க ஒரு சின்னப் பக்கம். பார்க்க மட்டும்தான், எதையும் மாத்த முடியாது. தப்பு நடந்தாலும் கணக்கு கெடாது.

அப்புறம் பில் கணக்கு. இங்கதான் பெரிய பாடம். ஒவ்வொரு பில்லையும் பழைய கோடும் கணக்குப் போடும், பின்னாடி சத்தமில்லாம புதுசும் கணக்குப் போடும். கஸ்டமர் கைக்குப் போறது பழசு. ரெண்டுக்கும் ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் ஒரு பட்டியல்ல விழும். தினமும் காலையில நான் அந்தப் பட்டியலை எடுத்துக்கிட்டு அக்கா பக்கத்துல உட்காருவேன்.

ஒரு நாள், ஒரே ஒரு பார்ட்டிக்கு மட்டும் பழசுல லாரி வாடகை சேரலை, புதுசுல சேருது. பழைய கோடைத் திறந்து பார்த்தா, அந்தப் பார்ட்டி நம்பருக்குன்னே ஒரு நிபந்தனை. நான் குப்பைன்னு சிரிச்சு விட்டுட்டது.

"அக்கா, இது என்ன?"

"அவங்க சொந்த வேன் அனுப்பி எடுத்துக்கறவங்க தம்பி. முன்ன ஒரு தடவை தெரியாம வாடகை போட்டுட்டு பெரிய சண்டையாயிடுச்சு. அப்புறம்தான் கம்ப்யூட்டர்லயே போட்டு வெச்சாங்க."

ஒரு சண்டை, ஒரு சமாதானம், அது ஒரு வரியா அங்க உட்கார்ந்திருக்கு. இந்த மாதிரி இருபதுக்கு மேல கிடைச்சுது. சிலது உண்மையிலேயே குப்பைதான், மூடிப்போன கடைக்குப் போட்ட சலுகை மாதிரி. ஆனா எது குப்பைன்னு கோடைப் பார்த்து எனக்குத் தெரியலை. அக்காவைக் கேட்டாத்தான் தெரிஞ்சுது. எல்லாத்தையும் காரணத்தோட எழுதி வெச்சோம். பார்ட்டி விவரத்துலயே "சொந்த வண்டி"ன்னு ஒரு டிக் பாக்ஸ் போட்டோம். இனிமே அடுத்த பார்ட்டிக்கு புரோகிராமர் தேவையில்லை.

ஒரு முழு மாசம் வித்தியாசம் பூஜ்யமா வந்த பிறகுதான் புதுக் கணக்குக்கு மாறினோம். கணக்குப் போடறது ஒரே இடம், சர்வர் மட்டும். ஸ்கிரீன் அது சொல்றதைக் காட்டும், தானா எதையும் ரவுண்ட் பண்ணாது. கடைசியாத்தான் கவுன்ட்டர் ஸ்கிரீன். அதுல எஃப்5 அழுத்தினா சேவ் ஆகும், பக்கம் திறக்காது. அதுக்குத் தேவைப்பட்டது நாலஞ்சு வரி கோடு. என்டர் அடிச்சா அடுத்த கட்டம். பார்ட் பட்டியல் காலையிலயே பிரவுசருக்கு வந்துடும், எழுத்துக்கு எழுத்து சர்வரைக் கேக்காது. எல்லாம் சேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரே நாள்ல முடிக்கப் பார்த்த வேலை.

மாறின அன்னைக்கு நான் கவுன்ட்டர் பின்னாடியே நின்னேன். அக்கா பத்துப் பதினஞ்சு பில் போட்டாங்க. ஒண்ணும் சொல்லலை. நான்தான் கேட்டேன், "எப்படிக்கா இருக்கு?" "எழுத்து பெருசா இருக்கு தம்பி, கண்ணாடி இல்லாமயே தெரியுது"ன்னாங்க. ராத்திரி கல்லா எண்ணினாங்க. சரியா இருந்துச்சு. பையை எடுத்துக்கிட்டு எட்டரைக்குக் கிளம்பிட்டாங்க.

இதைக் கேக்கறவங்கள்ல நிறைய பேர் இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருப்பீங்க. "எனக்கு லெகஸி புராஜெக்ட்டாமே"ன்னு வருத்தப்படறவங்களும் இருப்பீங்க. உங்களுக்கு மூணே மூணு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஒண்ணு, கோடைத் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அதை உபயோகிக்கறவங்க பக்கத்துல போய் உட்காருங்க. அவங்க விரல் எங்க போகுதுன்னு பாருங்க. ரெண்டு, ஒரு வரி புரியலைன்னா அழிக்காதீங்க, அது யாருக்காக வந்துச்சுன்னு விசாரிங்க. மூணு, பழசை நிறுத்தறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒண்ணா ஓட விடுங்க, திரும்பி வர வழி வெச்சுக்கங்க. எங்களுக்கு அந்த வழி இருந்ததே பழசை யாரும் மெஷின்ல இருந்து அழிக்காததாலதான்.

ரியாக்ட், டாட் நெட் எல்லாம் நல்ல கருவிதான், நான் இன்னும் அதுலதான் வேலை செய்யறேன். அதுவும் ஒரு நாள் பழசாகும். அன்னைக்கு யாரோ ஒரு பையன் நான் எழுதினதைத் திறந்து பார்த்துச் சிரிப்பான். அவனுக்காக இப்பல்லாம் ஒவ்வொரு விசித்திரமான வரிக்கு மேலயும் ரெண்டு வரி காரணம் எழுதி வெக்கிறேன்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு அக்காவோ அண்ணனோ இருந்தா, அவங்க கதையை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.